ரப்பர் சங்கங்களைக் கண்டு வியாபாரி அஞ்ச வேண்டுமா?

நாஞ்சில் நாட்டு நெல்வயல்களைத் தாண்டி மேற்கே போனால் கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் எங்கு பார்த்தாலும் ரப்பர் மரங்கள். பெரும்பாலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர்காரர்கள். விடியுமுன் பால் வெட்டி, ஆசிட் விட்டு உறைய வைத்து, ஷீட் அடித்துக் காயப்போடுகிறார்கள். விலை சொல்வது யார்?

ரப்பர் வாரியம் கோட்டயம் விலையை நாள்தோறும் வெளியிடுகிறது. நான்காம் தர ஷீட்டின் விலைதான் பேசப்படுகிறது. ஆனால் 'ஈரம் இருக்கிறது, புகை போதாது' என்று கடையில் சொல்லிவிட்டால் அந்த விலை விவசாயிக்கு இல்லை. தரம் பார்ப்பவரும் எடை போடுபவரும் வாங்குபவரே! பல நேரம் முன்பணம் கொடுத்தவரும் அவரே. 2011-ல் கிலோ 240 ரூபாய் வரை போன ரப்பர், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே வந்தது. விலை ஏறும்வரை சரக்கை நிறுத்தி வைக்க ஏழை விவசாயியால் முடியுமா?

புகையிலையைப் பாருங்கள். (அது உடலுக்குக் கேடு, நாம் சொல்வது அதன் சந்தை ஏற்பாட்டை மட்டுமே.) 1976-ல் குண்டூரில் புகையிலை வாரியம் வந்தது. 1984-ல் கர்நாடகத்திலும், அடுத்து ஆந்திராவிலும் சிகரெட்டுக்கான வர்ஜீனியா ரகத்துக்கு ஏலக்களங்கள் திறக்கப்பட்டன. ஒவ்வொரு சிப்பத்துக்கும் பலர் முன்னிலையில் விலை. பணமும் வாரியத்தின் வழியாகவே விவசாயிக்கு வருகிறது. நம் வேதாரண்யம், திண்டுக்கல் விவசாயிக்கோ இந்த ஏலம் கிடையாது.

நமது மாவட்டத்து ரப்பருக்கு வழி இல்லாமல் இல்லை. ரப்பர் வாரியம் 1986 முதல் சிறு விவசாயிகளின் ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்களை ஊக்குவித்து வருகிறது. மானிய விண்ணப்பத்தோடு நின்றுபோகும் சங்கத்தால் என்ன பயன்? பொது ரோலர், புகைக்கூடம், கிட்டங்கி மூன்றும் சங்கத்திடம் வேண்டும். விவசாயியின் கண்முன் தரம் பிரித்து, வாரம் ஒருநாள் ஏலம் விட வேண்டும்.

தக்கலை, குலசேகரம் கடைவீதிகளில் இருக்கும் நம் வியாபாரிகளுக்கு இதனால் நஷ்டம் வருமா? வராது. ஒரே தரத்தில் சரக்கு மொத்தமாகக் கிடைக்கும். வீடுவீடாக அலைய வேண்டாம். விலை தெரியாதவனின் அறியாமையில் கிடைக்கும் லாபம் மட்டும் போகும். போகட்டும்! சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தை வழியிலேயே மறித்துச் சரக்கு வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்களே!

படித்த நம் இளைஞர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் பத்து மரம் இருந்தாலும் ஊர்ச் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். கணக்கு எழுத ஆளில்லை என்று பதில் வந்தால், நோட்டை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்.