ஆறு வாரம் இடம் கிடைக்குமா?

என்ன மக்கா, '777 சார்லி' பாத்துட்டு கண்ணைத் துடைச்சுக்கிட்டே வெளியே வந்த கோஷ்டிதானே நீங்களும்? 2022-ல வந்த கன்னடப் படம், தமிழ்லயும் டப் ஆச்சு. கேன்சர் வந்த நாயைக் கூட்டிக்கிட்டு ஹீரோ பனிமலை வரைக்கும் போவான். நல்ல படம்தான். ஆனா மலை ஏறுறது ஈஸி. எந்திரிக்க முடியாத நாய்க்கு ராத்திரி ரெண்டு மணிக்கு சாக்கு மாத்துறதுதான் கஷ்டம்.

நாசரேத் மாதிரி நம்ம ஊர்கள்ல பஸ் ஸ்டாண்ட் பக்கமோ ரயில்வே கேட் பக்கமோ ஒரு நாய் அடிபட்டுக் கிடந்தா என்ன நடக்கும்? முதல்ல ஒரு போட்டோ. அடுத்து கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல அழுகை பொம்மைகளோட "யாராவது ஹெல்ப் பண்ணுங்க ப்ளீஸ்". அந்த 'யாராவது'ங்கிற ஆளோட வீடு எந்தத் தெருவுல இருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது!

2016 ஜூலை ஞாபகம் இருக்கா? சென்னை குன்றத்தூர் பக்கம் மருத்துவம் படிக்கிற மாணவர் ஒருத்தர் மொட்டை மாடியில இருந்து ஒரு நாயைத் தூக்கிப் போட, இன்னொருத்தர் அதை செல்போன்ல படம் பிடிச்சார். நாடே கொதிச்சது. விலங்கு வதைச் சட்டத்துல முதல் தடவை குற்றத்துக்கு அபராதம் வெறும் 10 ரூபாயில இருந்து 50 ரூபாய்னு அப்பத்தான் பல பேருக்குத் தெரிஞ்சது. பிறகு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் ஆளுக்கு ரூ.2 லட்சம் அபராதம் போட்டது. இதெல்லாம் பேப்பர்ல பெருசா வந்த கதை. சின்னதா வந்த கதை ஒண்ணு உண்டு. அந்த நாய் சாகலை. சில பேர் தேடி அலைஞ்சு கண்டுபிடிச்சாங்க. பின்னங்கால் எலும்பு முறிஞ்சிருந்தது, முதுகிலும் அடி. 'பத்ரா'ன்னு பேர் வச்சு சிகிச்சை குடுத்தாங்க. கடைசியில அதுக்கு ஒரு வீடும் கிடைச்சது. வீடியோவை ஷேர் பண்ணுனவங்க லட்சக்கணக்குல. வீட்டுக் கதவைத் திறந்தவங்க எத்தனை பேர்னு விரல் விட்டு எண்ணிரலாம்.

இப்படிக் குணமாகிற வரைக்கும் மட்டும் வச்சுப் பாத்துக்கறதுக்கு 'ஃபாஸ்டர்'னு பேரு. தத்து எடுக்குறது வேற. சென்னை ப்ளூ கிராஸ் 1959-ல இருந்து இயங்குது. அவ்வளவு பெரிய இடத்துலயே கூட்டம் தாங்காது. பல நோயாளி நாய்கள் ஒண்ணா இருக்குற இடத்துல, தேறி வர்ற நாய்க்கு இன்னொரு நோய் தொத்திக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால மருந்துக்கு அடுத்தபடியா தேவைப்படுறது ஒரு தனி மூலை. திண்ணையோ, பின்கட்டு ஷெட்டோ போதும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்? ஒரு உதாரணம். தெருநாய்களோட பிறப்புறுப்புல காலிஃபிளவர் மாதிரி கட்டி, சொட்டுச் சொட்டா ரத்தம்... பாத்திருப்பீங்க. அது ஒரு வகை கேன்சர். ஒரு நாய்கிட்ட இருந்து இன்னொரு நாய்க்கு, இனச்சேர்க்கையில கேன்சர் செல்லே நேரடியா ஒட்டிப் பரவுற விசித்திரமான நோய். பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால ஒரே ஒரு நாய்கிட்ட தோணுன கட்டி, உலகம் பூரா சுத்திக்கிட்டிருக்கு! பாக்கப் பயங்கரம். ஆனா பெரும்பாலும் முழுசா குணமாகும். வின்கிரிஸ்டின்னு ஒரு ஊசி, வாரம் ஒண்ணு, நாலு முதல் ஆறு வாரம். அந்த மருந்து எதுல இருந்து வருது தெரியுமா? நம்ம தேரிக்காட்டுப் பக்கம், கல்லறைத் தோட்டத்துல எல்லாம் பூத்துக் கிடக்குற நித்தியகல்யாணிச் செடியில இருந்து. (உடனே இலையப் பறிச்சு அரைக்கக் கிளம்பிராதீங்க, விஷம்!) ஊசி நரம்பை விட்டுக் கொஞ்சம் வெளிய கசிஞ்சாலே சதை வெந்து போகும். டாக்டர்தான் போடணும். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால ரத்தத்துல வெள்ளை அணு எண்ணிக்கை பாக்கணும். ஊசி போட்ட சில நாளைக்கு அதோட மூத்திரம், மலம் அள்ளும்போது கையுறை அவசியம்.

இப்பச் சொல்லுங்க. முதல் வாரம் எப்படியோ பிஸ்கட் காட்டிப் பிடிச்சுட்டீங்க. ஊசி குத்துன நாய் ரெண்டாவது வாரம் உங்க கைக்கு வருமா? வெள்ளாளன்விளை வரைக்கும் ஓடிரும். பாதியில விட்ட மருந்துக்கு கட்டி அசையாமப் போகவும் கூடும். அந்த ஆறு வாரம் அது ஒரே இடத்துல இருந்தா பிழைச்சுக்கும்.

முதுகெலும்பு அடிபட்டு இடுப்புக்குக் கீழ உணர்வு இல்லாத நாய் இன்னும் கஷ்டம். தானா மூத்திரம் போகாது. டாக்டர்கிட்ட கத்துக்கிட்டு, ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை அடிவயித்தை அமுக்கி எடுத்து விடணும். சில மணி நேரத்துக்கு ஒருக்க புரட்டிப் படுக்க வைக்கலேன்னா படுக்கைப் புண் வரும். சக்கர வண்டியை நம்ம பாலிடெக்னிக் பசங்களே பி.வி.சி. பைப்புல பண்ணிரலாம். ஆனா நாள் பூரா அதுல கட்டி வைக்கக்கூடாது.

குட்டிகளுக்கு வர்ற பார்வோ வேற ரகம். வாந்தி, ரத்தப்போக்கு, ட்ரிப்ஸ் இல்லாட்டி ரெண்டு மூணு நாள்ல கதை முடியும். வைரஸ் தரையில மாசக்கணக்குல இருக்கும், சாதா ஃபினாயிலுக்கு அசையாது, பிளீச்சிங் வேணும். தடுப்பூசி போடாத குட்டி வீட்ல இருந்தா பார்வோ கேஸ் எடுக்காதீங்க.

ஒரு விஷயம் சீரியஸா. வாயைத் திறந்தபடி எச்சில் வழிய, தாடை தொங்கிக்கிட்டு ஒரு நாய் நின்னா, 'எலும்பு சிக்கிருச்சு போல'ன்னு கையை உள்ள விட்டுராதீங்க. ரேபிஸ் இப்படியும் வரும், எல்லா வெறிநாயும் துரத்தாது. கடியோ கீறலோ பட்டா குழாய்த் தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு நேரா ஜி.எச். தடுப்பூசி இலவசம். அடிக்கடி நாய்களைத் தூக்குற ஆளா நீங்க? கடிக்கு முன்னாலயே போட்டுக்கற தடுப்பூசியும் இருக்கு, டாக்டர்கிட்ட கேளுங்க. அதே மாதிரி வலி தாங்காமக் கத்துதேன்னு உங்க வீட்டு பாராசிட்டமால், ப்ரூஃபெனை நாய்க்குக் குடுக்காதீங்க. ஈரலும் வயிறும் போயிரும்.

'காலேஜ்லயே வச்சுப் பாத்துக்கலாம்ணே'ம்பீங்க. முடியாது மக்கா. கல்வி நிறுவனங்கள், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையங்கள்ல இருந்து தெருநாய்களைக் காப்பகத்துக்கு மாத்தணும், பிடிச்ச இடத்துல திரும்ப விடக்கூடாதுன்னு 2025 நவம்பர் 7 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. ஹாஸ்டல் வார்டனும் ஒத்துக்க மாட்டார். அப்போ மிச்சம் இருக்குறது வீடுதான். டே ஸ்காலர் நாலு பேர் சேருங்க. ஒருத்தன் வீட்ல இடம், ஒருத்தன் வண்டி, ஒருத்தன் செலவுக் கணக்கு, ஒருத்தி மருந்து டைம். இடம் குடுக்குற வீட்டு அம்மாகிட்ட 'ரெண்டு நாள்தான்'னு பொய் சொல்லாதீங்க. ஆறு வாரம்னா ஆறு வாரம்னு சொல்லுங்க. முடியாதுன்னா நாயைத் தூக்குறதுக்கு முன்னாலயே தெரிஞ்சிரும்.

சில கேஸ்ல டாக்டரே 'இதுக்கு மேல இழுக்க வேண்டாம்'பார். அப்பவும் ஒருத்தர் அதோட தலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அதுவும் இந்த வேலைதான்.

நம்ம பக்கத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரின்னா திருநெல்வேலி ராமையன்பட்டியில 2012-ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரி. நாசரேத்துல இருந்து 40 கிலோமீட்டருக்கு மேல. பஸ்ல ஏத்த மாட்டாங்க, லோடு ஆட்டோவை முந்தின நாளே பேசிருங்க. காலையிலேயே போய்ச் சேரணும். பழைய பெட்ஷீட் ரெண்டு, தண்ணி பாட்டில், வாய்க்கட்டுக்கு ஒரு துணிப்பட்டை எடுத்துக்குங்க. வாந்தி எடுக்குற நாய்க்கும் மூச்சு வாங்குற நாய்க்கும் மட்டும் வாயைக் கட்டாதீங்க.