சாவி யார் இடுப்பில்?

“பொதுப் பணத்தில் கட்டிய மண்டபத்தில் சொந்தக் கல்யாணமா?” என்று கம்போங் ராஜா சாப்பாட்டுக் கடையில் ஒருவர் கொதித்தார். என் தே தாரிக் ஆறிப்போகும்வரை கேட்டேன். கோபம் நியாயம்தான், பாய்ந்த இடம்தான் தப்பு. இதே கேள்விக்கு அமெரிக்காவில் ஓர் அளவுகோல் உண்டு. அங்கே நகராட்சிகள் வரிவிலக்குப் பத்திரம் விற்று மண்டபமும் அரங்கமும் கட்டுகின்றன. பத்திரம் வாங்கியவர் அதன் வட்டிக்குக் கூட்டரசு வருமான வரி கட்ட வேண்டாம். அந்தச் சலுகையைத் தனியார் தின்றுவிடாதிருக்க 1986-இல் சட்டம் வேலியை இறுக்கியது. கட்டடத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் தனியார் தொழில் நடந்து, கடனடைப்பும் 10 விழுக்காட்டுக்கு மேல் அத்தொழிலின் பணத்தை நம்பியிருந்தால், பொதுவாக விலக்கு பறிபோகும். ஒரு குடும்பம் இரண்டு நாள் கல்யாணத்துக்கு எடுப்பது தொழில் கணக்கில் வராது. பின்கட்டை வருடக்கணக்கில் ஒரு மொத்த வியாபாரிக்கு எழுதிக்கொடுத்து, அங்கே முட்டைக்கோஸ் பெட்டிகள் கூரையை முட்டினால் வரும். மலேசியாவிலும் அரசுப் பத்திர வட்டிக்குத் தனிநபர் வரி கட்டுவதில்லை. 2013-இல் எம்ஆர்டி ரயில் திட்டத்துக்காக அரசு நிறுவனமான டானாஇன்ஃப்ரா தன் சுகுக்கை, அதாவது இஸ்லாமியப் பத்திரத்தை, பொதுமக்களுக்கே விற்றது. வசூலிக்காமல் விட்ட வரியும் ஊர்ப் பணம்தான், தோட்டத்துப் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு. அதனால், அமெரிக்கர் போட்டதுபோல் விழுக்காடு வைத்து அளக்கும் பழக்கம் நம் மண்டபக் குழுக்களுக்கும் வர வேண்டும். கல்யாணப் பந்தல் மறுநாளே பிரிந்துவிடும். பின்கட்டின் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்று பாருங்கள், அண்ணே.