மெய் படபடத்தால் பொய்யா?

சூப்பர் ஹீரோ தொடர்களின் அறிவியல் பிழைகளைப் பட்டியலிடுவோர் பெரும்பாலும் இயற்பியலோடு நின்றுவிடுகின்றனர். மின்னல் வேகத்தில் ஓடுபவனின் காலணி ஏன் எரியவில்லை என்று கேட்கின்றனர். அப்பிழையை நம்பி எவரும் கெடுவதில்லை. கெடுக்கவல்ல பிழை நீதிமன்றக் கதைகளில் இருக்கிறது.

2015இல் நெட்ஃபிளிக்ஸில் வெளிவந்த ‘டேர்டெவில்’ தொடரின் நாயகன் மேட் மர்டாக், பார்வையற்ற வழக்கறிஞன். இதயத் துடிப்பைக் கேட்டே பொய்யை அறிபவன். கொலைப்பழி சுமந்து காவலில் இருக்கும் கேரன் பேஜை அவன் நம்புவதும் அவ்வாறே. பிணத்தருகே பிடிபட்டவளின் இதயம், அவள் குற்றமற்றவளாயினும் படபடக்காதா? அச்சமும் அவமானமும் சினமும் துடிப்பை உயர்த்தும். பொய்க்கென்று தனித் துடிப்பு கிடையாது.

இப்பிழைக்கு ஒரு மரபு உண்டு. ‘வொண்டர் வுமன்’ பாத்திரத்தைப் படைத்த உளவியலாளர் வில்லியம் மௌல்டன் மார்ஸ்டன், இரத்த அழுத்தத்தைக் கொண்டு பொய்யைக் கண்டறிய முயன்றவர். அவரது சோதனையைச் சான்றாக ஏற்க, 1923இல் ஃப்ரை வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்தது. துறை அறிஞரிடையே அதற்குப் பொது ஏற்பு இல்லை என்பதே காரணம். நீதிமன்றம் தள்ளியதைக் கதையுலகம் இன்றும் தாங்கிப் பிடிக்கிறது.

இது பொழுதுபோக்குதானே என்பர். செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில், ஒப்புதலின்றிப் பொய் கண்டறியும் சோதனையும் நார்கோ சோதனையும் நடத்தலாகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. எவரையும் தமக்கெதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசியலமைப்பின் 20(3)ஆம் பிரிவே அதன் அடிப்படை. ஆயினும், பரபரப்பான வழக்கு ஒன்று வந்ததும் அச்சோதனைகளைக் கோரும் குரல் தொலைக்காட்சி விவாதங்களில் மீண்டும் எழுகிறது.

தமிழில் ‘மெய்’ உடலையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். சொல் ஒன்றாயினும் பொருள் இரண்டு. ஆளை மாற்றி அடையாளம் காட்டும் சாட்சி, தான் கண்டதை மனமார நம்பியே கூறுகிறார். அவர் துடிப்பு சீராகவே இருக்கும். அவர் கூற்றோ தவறு. மர்டாக்கின் செவி அவரை உண்மையாளர் என்றே சான்றளிக்கும். நிரபராதி சிறை செல்வார்.

சாட்சி நின்ற தொலைவு, அப்போதிருந்த வெளிச்சம், முன்பு அளித்த வாக்குமூலம் ஆகியவற்றைக் கேட்டுப் பிழையை வெளிக்கொணர்வது குறுக்கு விசாரணை. வழக்கறிஞனின் செவியை எவர் குறுக்கு விசாரணை செய்வது? அவ்வினாவை எழுப்பாத நீதிமன்றக் கதை, நீதிமன்றம் எதற்காக இருக்கிறது என்பதையே மறந்த கதை.