வை ராஜா வை!

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் கூட்டத்துக்குக் குறைவில்லை. பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்கப் பல ஊர்களில் இருந்தும் மக்கள் குடும்பத்தோடு வருகிறார்கள்.

தென்காசியில் இருந்து செங்கோட்டை, புளியரை வழியாக மலை ஏறினால் ஆரியங்காவு. அது கேரளம். அங்கே லாட்டரிச் சீட்டு விற்கிறார்கள். தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-ம் ஆண்டு தடை வந்தது. கேரள அரசு 1967-ம் ஆண்டு தொடங்கிய லாட்டரி இன்றும் நடக்கிறது. ஆகவே, எல்லை தாண்டிப் போய்ச் சீட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

வாங்குகிறவர் அதிர்ஷ்டத்தை நம்புகிறார். நடத்துகிறவரோ கணக்கை நம்புகிறார்.

அது என்ன கணக்கு? 'காசினோ' என்னும் சூதாட்டக் கூடத்தைப் பார்த்தால் எளிதில் விளங்கும். கோவாவில், மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களில் இத்தகைய கூடங்கள் உண்டு. அங்கே ஆடும் ஆட்டங்களில் ஒன்று 'ரூலெட்'. ஒரு சக்கரம் சுழலும். அதில் சிறு உருண்டை ஒன்று ஓடும். ஒரு வகைச் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள் இருக்கும். உருண்டை விழும் எண்ணில் 1 ரூபாய் கட்டியிருந்தால், கட்டிய ரூபாயையும் சேர்த்து 36 ரூபாய் கிடைக்கும்.

ஒருவர் 37 எண்களிலும் ஒவ்வொரு ரூபாய் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்த எண் விழுந்தாலும் ஜெயம் அவருக்கே! ஆனால், போட்டது 37 ரூபாய். வந்தது 36 ரூபாய். ஜெயித்தும் 1 ரூபாய் நஷ்டம்!

அந்த ஒரு ரூபாய்தான் கூடத்தின் வருமானம். இதற்கு மோசடி எதுவும் வேண்டியதில்லை. ஆட்டம் நீள நீளக் கூடத்தின் பெட்டி நிறையும். லாட்டரியிலும் இதே கதைதான். அரசின் வருமானம், விற்பவர் கமிஷன் எல்லாம் போக மீதிதான் பரிசு.

திருவிழாவில் 'வை ராஜா வை' என்று கூவுகிறவருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். தெரியாதவர், பணம் வைக்கிற ராஜா மட்டுமே!

"விட்டதைப் பிடித்துவிடுகிறேன்" என்று அவர் மறுபடியும் வைக்கிறார். பத்து முறை தோற்றவருக்குப் பதினோராவது முறை விழுந்தே தீரும் என்று எந்த நியதியும் இல்லை. முன்பு யார் தோற்றார் என்பது சக்கரத்துக்குத் தெரியாது.

ஆடாமல் இருப்பதே நல்லது. ஆசைக்கு ஆடுகிறவர், போனால் போகட்டும் என்று விடக்கூடிய சிறு தொகையை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். அது தீர்ந்ததும் எழுந்துவிட வேண்டும். கடன் வாங்கி ஆடக் கூடாது. அரிசிக்கும் பள்ளிக்கூடச் சம்பளத்துக்கும் வைத்த பணத்தைத் தொடக் கூடாது.

வீட்டுக்குத் தெரியாமல் ஆடத் தொடங்கினால் அது ஆபத்தின் அறிகுறி. அப்படிப்பட்டவரைத் திட்டிப் பயன் இல்லை. அரசின் இலவச மனநல உதவி எண் 14416. அதில் தமிழிலேயே பேசி ஆலோசனை கேட்கலாம்.

குடும்பத்தோடு அருவிக்கு வந்தவர், ஊர் திரும்பப் பஸ் செலவுக்கும் பிள்ளைகளின் பலகாரத்துக்கும் பணம் மிச்சம் வைத்திருந்தால், அதுவே பெரிய பரிசு.