அசைவூட்டப் படங்களும் அழித்தெழுதும் உரிமையும்

மாத்தளை மாவட்டத்தின் வடபாகத்திலுள்ள சீகிரியாக் குன்றின் குடைவொன்றில், கி.பி. 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெண்ணுருவ ஓவியங்கள் ஏறத்தாழ இருபது இன்று எஞ்சியுள்ளன. 1967 ஒக்டோபரில் யாரோ அவற்றின் மீது பச்சை வண்ணத்தை அப்பிச் சென்றனர். சில கொத்தியும் சிதைக்கப்பட்டன. லூசியானோ மரான்சி என்னும் இத்தாலிய நிபுணரின் துணையுடன் அவ்வண்ணம் அகற்றப்பட்டுப் பழைய ஓவியங்கள் மீட்கப்பட்டன. அப்பணியிற் செய்யப்பட்டவை எவ்வளவு போற்றத்தக்கவையோ, செய்யாது விடப்பட்டவையும் அவ்வளவு போற்றத்தக்கவை. முற்றாக மறைந்துபோன உருவங்களின் இடத்தில் எவரும் புதிய உருவங்களை எழுதிவைக்கவில்லை. எஞ்சியவற்றுள் ஒன்றில், ஓவியன் கையை முதலில் ஒரு நிலையில் வரைந்து, பின் மனம் மாறி வேறொரு நிலையில் வரைந்ததன் சுவடு இன்றும் தெரிகின்றது. பிழையெனக் கொண்டு அதனைத் துடைத்துவிடவும் எவரும் துணியவில்லை.

இந்த அடக்கம் திரைப்படத் துறையிலிருந்து விடைபெற்றுக்கொண்டிருக்கின்றது. ஆனந்த் எல். ராய் இயக்கத்தில் தனுஷ் நடித்து 2013இல் வெளிவந்த 'ராஞ்சனா' என்ற இந்திப் படத்தின் தமிழ் வடிவமே 'அம்பிகாபதி'. 2025 ஓகஸ்டில் இப்படம் தமிழகத் திரையரங்குகளில் மீள வெளியிடப்பட்டபோது, இறுதிக் காட்சியில் இறக்க வேண்டிய நாயகன் செயற்கை நுண்ணறிவின் உபயத்தாற் கண்விழித்து எழுந்தான். தம் சம்மதமின்றி இது செய்யப்பட்டதென இயக்குநர் கண்டித்தார், தனுஷும் ஆட்சேபித்தார். படத்தின் உரிமையாளரான ஈரோஸ் நிறுவனமோ பதிப்புரிமை தன்னிடமே உள்ளதென்று விடையிறுத்தது. (கம்பன் மகன் அம்பிகாபதி காதலுக்காகச் சோழனாற் கொலையுண்டான் என்பது தமிழுலகம் அறிந்த கதை. அவன் பெயரைத் தாங்கிய படத்திற் காதலனைச் சாகவிடாது காப்பாற்றியமை, இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது என்பதற்கு மேலதிகச் சான்று.)

அப்படத்திலாவது 'இது நான் நடித்ததன்று' என்று எழுந்து நின்று சொல்ல ஒரு நடிகர் இருந்தார். கார்ட்டூன் படம் என்று பொதுவாக வழங்கும் அசைவூட்டத் திரைப்படத்தின் நிலை இதனினும் பரிதாபமானது. அங்கே நடிப்பது கோடு. கோட்டுக்கு வாயில்லை. அதனை வரைந்தவரின் பெயரோ, படம் முடிந்தபின் ஓடும் நீண்ட பெயர்வரிசையில், அரங்கம் காலியாகும் நேரத்தில் வந்து மறைவது. ஆகவேதான் பழைய அசைவூட்டப் படங்களை 'மெருகேற்றும்' முயற்சி ஏனைய எவற்றினும் எளிதாகவும், குற்றவுணர்வே இன்றியும் நடைபெறுகின்றது.

மெருகேற்றல் என்பது யாது? திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. கையால் வரையப்படும் படங்களிற் பெரும்பாலும் ஓர் ஓவியம் இரு சட்டகங்களுக்கு நிற்கும். அதாவது விநாடிக்குப் 12 ஓவியங்கள். விரைந்த அசைவுக்கு 24 ஓவியங்களும் வரையப்படுவதுண்டு. ஓர் ஓவியமே பல சட்டகங்களுக்கு அசையாது நிறுத்தப்படுவதுமுண்டு. எங்கே விரைவது, எங்கே தயங்குவது, அடி விழுமுன் எத்தனை சட்டகம் மூச்சைப் பிடித்து நிற்பது என்பனவே அசைவூட்டக் கலைஞனின் நடிப்பு. மிருதங்கக்காரனுக்குத் தாள இடைவெளி எவ்வாறோ அவ்வாறே அவனுக்கு இவ்விடைவெளி. இன்று கணினி நிரலொன்று இவ்வோவியங்களுக்கிடையே தானே புதிய ஓவியங்களைக் கற்பித்துச் செருகி, விநாடிக்கு 60 சட்டகங்களாகப் பெருக்கித் தருகின்றது. அசைவு எண்ணெய் வழிந்தாற்போல் வழுக்கிச் செல்கின்றது. தயக்கம் போயிற்று, நடிப்பும் போயிற்று. கலைஞன் வேண்டுமென்றே விட்ட இடைவெளியை இயந்திரம் குறையென்று கொண்டு நிரப்பிவிட்டது.

கோட்டின் கதியும் இதுவே. வால்ட் டிஸ்னி நிறுவனம் 1961இல் வெளியிட்ட 'நூற்றியொரு டல்மேஷியன்கள்' படத்தில், ஓவியர்களின் பென்சிற் கோடுகள் மறுபடி மையாற் பிரதிசெய்யப்படாமல், நிழற்பிரதி முறையால் நேரே ஒளிபுகும் தாள்களுக்கு மாற்றப்பட்டன. அதனால் அப்படத்தின் கோடுகளிற் சொரசொரப்பு உண்டு; வரைந்த கையின் நடுக்கமும் அழுத்தமும் உண்டு. பழுதகற்றும் இயந்திரத்துக்குப் படச்சுருளின் தூசியும் கீறலும் இந்த நடுக்கமும் ஒன்றே. தூசியைத் துடைப்பதை எவரும் எதிர்க்கவில்லை; கையைத் துடைப்பதையே எதிர்க்க வேண்டியுள்ளது.

இத்தகைய மாற்றம் இயந்திரத்தோடு பிறந்ததன்று என்பதும் உண்மையே. ஹயாவோ மியாசாக்கியின் 'நௌசிக்கா' 1984இல் ஜப்பானில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஏறத்தாழ 20 நிமிடக் காட்சிகள் வெட்டப்பட்டு, கதையும் பெயர்களும் மாற்றப்பட்டு, வேறு தலைப்பில் அது விற்கப்பட்டது. அந்த அனுபவத்தின் பின், தம் படங்களில் ஒரு காட்சியும் வெட்டலாகாது என்பதை ஜிப்லி கலைக்கூடத்தார் உறுதியான நிபந்தனையாக்கினர். ஆயின் கத்திரிக்கோல் விட்டுச்சென்ற தழும்பைக் காணலாம். காட்சி துள்ளும், இசை அறுபடும். இன்றைய இயந்திரம் தழும்பே தெரியாமல் தைக்கின்றது. மாற்றப்பட்டதை முதன்முதற் காணும் சிறுவனுக்கு அது மாற்றப்பட்டதென்று அறிய வழியேயில்லை. அவனைப் பொறுத்தவரை அதுவே மூலம்.

உரிமையாளர் தம் பொருளைத் தாம் விரும்பியவாறு செய்யலாகாதா என்பது எதிர்த்தரப்பாரின் முதன்மையான வாதம். கலையைப் பண்டமாக மட்டுமே காணப் பழகிய சமுதாயத்தில் இவ்வாதம் எழுவது வியப்பன்று. ஆனாற் சட்டமே இதனை முழுமையாக ஏற்கவில்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், பொருளாதார உரிமை பிறர் கைக்குப் போனபின்னரும், தன் ஆக்கம் தன் மதிப்புக்கு ஊறு விளைக்கும் வகையிற் சிதைக்கப்படுவதை ஆட்சேபிக்கும் உரிமையை ஆக்கியோனிடமே விட்டுவைக்கின்றது. ஜோன் ஹியூஸ்ரனின் கறுப்பு வெள்ளைப் படமொன்றுக்கு உரிமையாளர் வண்ணமூட்டியபோது, அவர்தம் வாரிசுகள் பிரான்சில் வழக்காடி 1991இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றில் வென்றனர். வண்ணம் பூசுவதே தவறெனில், செத்தவனை எழுப்புவது எத்தகையது?

சட்டத்தின் எல்லையும் இங்கேயே தெரிகின்றது. ஓர் அசைவூட்டப் படத்தின் ஆக்கியோன் யார்? யூகோ சாக்கோ, ராம் மோகன் முதலியோர் இயக்கிய இந்திய-ஜப்பானிய 'இராமாயணம்' 1993இல் உருவாயிற்று. ஏறத்தாழ ஓர் இலட்சம் ஓவியங்கள் அதற்காகக் கையால் வரையப்பட்டதாகச் சொல்லப்படுகின்றது. 2025 சனவரியில் அது புதிய தமிழ்க் குரல்களுடன் திரைக்கு வந்தது. சாக்கோ 2012இலும் ராம் மோகன் 2019இலும் காலமாகிவிட்டனர். நாளை எவரேனும் அதன் இராவணனுக்கு வேறு முகமும் வேறு முடிவும் கொடுத்தால், கூலிக்கு வரைந்த பலநூறு ஓவியருள் எவர் நீதிமன்றப் படியேறுவார்? உழைப்பாளியின் பெயரற்ற நிலையே இங்கு கொள்ளைக்கு வாசலாகின்றது.

'வான்மீகியைக் கம்பன் மாற்றவில்லையா?' என்று கேட்போருமுளர். மாற்றினான். ஆனால் வான்மீகியின் ஏட்டைச் சுரண்டி அதன்மேல் எழுதவில்லை. தன் மொழியில், தன் பேரிற் புதிதாய்ப் பாடினான். வான்மீகி இன்றும் வான்மீகியாகவே இருக்கின்றான். பிறன் நூலுக்குள் தன் பாட்டைப் புகுத்துவதற்குத் தமிழில் வேறொரு பெயர் உண்டு: இடைச்செருகல். அப்பெயரைத் தமிழ்ப் புலவர் எவரும் பாராட்டாகச் சொன்னதில்லை. உ. வே. சாமிநாதையர் 1894இற் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268 ஆகிய இரு பாடல்கள் கிடைக்கவில்லை. சங்கச் செய்யுளின் நடையை அவரினும் நன்கறிந்தார் அன்று எத்தனை பேர்? இரு பாடல் புனைந்து சேர்த்திருப்பின் கண்டுபிடிப்பார் அரியர். அவர் புனையவில்லை. நானூறு என்ற பெயரோடு அவ்விடம் இன்றும் வெறுமையாகவே நிற்கின்றது. பல்லாயிரம் படங்களைக் கற்ற இயந்திரத்துக்கு அறிவு வாய்த்திருக்கலாம். நிரப்பாது விடும் அறம் வாய்க்கவில்லை.

மாத்தளை மாவட்டத்திலேயே இதற்கு மறுதலையான சான்று இல்லையா எனின், உண்டு. தம்புள்ளைக் குகைகளின் பழைய ஓவியங்கள்மீது 18ஆம் நூற்றாண்டிற் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில் புதிதாய் எழுதப்பட்டன. இன்று கண்டு வியக்கப்படுபவற்றுட் பெரும்பகுதி அம்மேலெழுத்தே. அது வழிபாடு நிகழும் கோயில். சுவரைப் புதுக்குவது அங்கே பக்தியின் பகுதி. எழுதியோர் தம் காலத்துப் பாணியிலேயே எழுதினர், பழைய ஓவியன் கையெனப் பொய்க்கவில்லை. அவ்வாறிருந்தும் அடியில் என்ன இருந்ததென்பதை அறிய விரும்புவோர்க்கு இன்று பெரும்பாலும் சுவரே விடை. இழப்பு இழப்புத்தான்.

இலங்கைத் தமிழர்க்கு இது தொலைதூரத்து விவகாரமன்று. 1983 சூலை வன்செயலில் ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் எரிக்கப்பட்டது. இந்நாட்டுத் தமிழ்ப் படங்கள் பலவற்றின் பிரதிகள் இன்று கிட்டுவதில்லை. கிழிந்த சுருளொன்று நாளை எங்கேனும் கிடைக்குமாயின், காணாமற்போன காட்சிகளை இயந்திரத்தால் நிரப்பிக்கொள்ளலாம் என்ற ஆசை எழவே செய்யும். அவ்வாசையை ஏளனஞ் செய்வதற்கில்லை. ஆயினும் அரிதாய் எஞ்சியதில் எது பழையது, எது புனைந்தது என்பதை அறியும் தேவை, பலவற்றை இழந்த சமூகத்துக்கே மிகுதி.

மாற்ற விரும்புவோர் வேறு தலைப்பில், தம் பெயரில், மூலத்தை எவரும் காணக்கூடியதாய் விட்டுவைத்து மாற்றட்டும். வாழ்ந்துகொண்டிருக்கும் கலைஞரிடம் சம்மதம் பெறட்டும். வணிக நிறுவனங்கள் இதனைத் தாமாகச் செய்யுமென எதிர்பார்ப்பது பேதைமை. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் திரைப்பட வட்டங்களும் படம் காட்டுமுன் அது எந்தப் பிரதி, யார் கைபட்டது என்று கேட்கலாம்; மறைத்து மாற்றப்பட்ட பிரதியைத் திரையிட மறுக்கலாம். ஒரு மண்டபத்தைப் பூட்டி வைப்பதற்கு எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.