காதைச் சுத்தம் செய்யவும் மதுரைக்கா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் காது ஒழுகுவதை யாரும் நோயாகவே மதிப்பதில்லை. "சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்" என்று சொல்லி, பஞ்சை அடைத்துக்கொண்டு மில்லுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகிறவர்கள் எங்களில் பலர். ஸ்பின்னிங் பகுதியின் இரைச்சலில் எல்லாருக்குமே கைஜாடைதான் பேச்சு. ஒருவருக்குக் காது மந்தமாகிவருவது பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. பல நேரம் அவருக்கே தெரியாது.

எல்லாச் சீழும் ஒன்றல்ல. சளி பிடிக்கும்போது வடிந்து மருந்தில் நிற்பது ஒரு வகை. கொஞ்சமாக, ஆனால் விடாமல், முடைநாற்றத்தோடு கசிவது இன்னொரு வகை. இந்த இரண்டாவதில்தான் கொலஸ்டியட்டோமா ஒளிந்திருக்கக்கூடும். செவிப்பறை உள்நோக்கி இழுபட்டுப் பை போலாகி, அதன் தோல் நடுக்காதுக்குள் வளர்கிறது. உதிரும் செதில்கள் வெங்காயச் சருகாக அடுக்கடுக்காய்ச் சேர்ந்து, சுற்றியுள்ள எலும்பை அரிக்கின்றன. முதலில் போவது ஒலியைக் கடத்தும் சிற்றெலும்புகள். அரிப்பு மேலும் பரவினால் தலைசுற்றல் வரும், முகம் ஒருபக்கம் கோணும், மூளையில் சீழ் கட்டி உயிருக்கே ஆபத்தாகும். இத்தனைக்கும் பெரும்பாலும் வலியே இருப்பதில்லை. பூண்டு தட்டிக் காய்ச்சிய எண்ணெயும் மருந்துக்கடைச் சொட்டு மருந்தும் ஆண்டுகளைக் கடத்துமே தவிர, அந்தத் தோலை அகற்றா.

அறுவை ஒன்றே வழி. காதின் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பைக் குடைந்து நோயை வேரோடு எடுக்கிறார்கள். காதுத் துளையின் பின்சுவரை விட்டுவைத்துச் செய்தால் காது இயல்பாக இருக்கும். ஆனால் மறைவில் மிச்சம் தங்கி மீண்டும் வளரும் வாய்ப்பு அதிகம். ஏறக்குறைய ஓராண்டில் மறுபடி திறந்தோ, எம்.ஆர்.ஐ. எடுத்தோ பார்க்க வேண்டும். சுவரையும் எடுத்துவிட்டால் அந்த அச்சம் குறையும். ஏழைகள் முற்றிய நிலையில் வருகிறார்கள், சொன்ன நாளில் திரும்பி வருவதும் உறுதியில்லை என்பதால், நம் நாட்டில் மருத்துவர்கள் பெரும்பாலும் இரண்டாவது முறையையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

எங்கள் குறை தொடங்குவது இங்கேதான். சுவரை எடுத்ததால் திறந்துவிட்ட அந்தக் குழியில் மெழுகும் செதிலும் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, உறிஞ்சு குழாயால் சுத்தம் செய்ய வேண்டும்; பலருக்கு இது ஆயுளுக்கும் தேவை. தவறினால் மீண்டும் சீழ். கால்மணி நேர வேலை அது. அதற்காக ராஜபாளையத்திலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் மதுரைக்குப் பஸ் ஏறுகிறோம். விடியலில் கிளம்பினால் வீடு திரும்ப இருட்டிவிடும். கேளாத காதோடு தனியே அனுப்ப முடியாதென்று துணைக்கும் ஒருவர். ஆக இரண்டு பேர் கூலி போகிறது. அரசுக் காப்பீட்டு அட்டை அறுவைச் செலவை ஏற்கும், இந்தக் கூலியையும் பஸ் செலவையும் ஏற்காது. இரண்டு முறை போனவர் மூன்றாம் முறை போகாமல் விடுவதை அலட்சியம் என்று சொல்வது எளிது.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் வெளியூர் ஆபரேஷன் தியேட்டர்களுக்கெல்லாம் போகின்றன. அதை நெய்கிறவர் தன் காதுக் கட்டைப் பிரிக்க ஊர் விட்டு ஊர் போகிறார்.

வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை. காது கேளாமையைத் தடுப்பதற்கான தேசியத் திட்டம் 2006-07லேயே தொடங்கிவிட்டது. முகாம்கள் நடந்தன, காதைப் பார்த்தார்கள், சீட்டு எழுதினார்கள், அந்தச் சீட்டோடு மதுரைக்குப் போகச் சொன்னார்கள். கருவி வருகிறது, நிபுணர் வருகிறார் என்று ஒவ்வொரு முறையும் கேட்டோம். 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தோம். ஆனால் சேத்தூர், வத்திராயிருப்புப் பக்கத்து மலையடிவாரக் கிராமங்களுக்கு அதுவும் தொலைவுதான்.

பெரிய அறுவையை இங்கேயே செய்யச் சொல்லவில்லை. அது தேர்ந்த கைகள் உள்ள இடத்தில் நடப்பதே நல்லது. அதற்கு முன்னும் பின்னும் உள்ளதை எங்கள் ஊருக்குக் கொண்டுவாருங்கள் என்கிறோம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு மருத்துவமனைகளிலும் காது மைக்ராஸ்கோப், உறிஞ்சு கருவி, கேட்புத்திறன் சோதிக்கும் கருவி, வாரம் ஒரு நாளாவது காது மருத்துவர் வேண்டும். பள்ளிகளில் கண்ணைச் சோதிப்பதுபோல் காதுக்குள்ளும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். காதில் நாற்றமடிக்கிறது என்று பிள்ளையைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றும் முன் ஆசிரியர் மருத்துவமனைக்கு அனுப்பும் வழக்கம் வர வேண்டும். நோயைச் சீக்கிரம் கண்டால் சிற்றெலும்புகளைக் காக்கலாம், கேட்புத்திறனும் மிஞ்சும். முற்றிவிட்டால் ஆபத்தை நீக்கிக் காதை உலர வைப்பதே அறுவையின் முதல் இலக்கு. உள்காது இழந்த கேட்புத்திறனை அறுவை மீட்டுத் தராது.

சம்பந்தப்பட்ட அதிகாரிகள் மனம் வைத்தால் இது ஒரு நிதியாண்டுக்குள் முடியும் வேலை. வாரத்தில் ஒதுக்கும் அந்த ஒரு நாளைப் பிற்பகலிலும் நடத்துங்கள். காலை ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கு அன்றைய கூலியாவது நிற்கும்.