மூன்று மாதம் கழித்து ரிவ்யூ

அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி 14 பக்கம். எதை வெட்டினார்கள், எதை எதோடு தைத்தார்கள், எத்தனை யூனிட் ரத்தம் ஏற்றினார்கள் எல்லாம் அதில் இருந்தது. இனி நாங்கள் என்ன செய்யணும் என்பதற்குக் கடைசிப் பக்கத்தில் ஒரே வரி: மூன்று மாதம் கழித்து ரிவ்யூ.

பித்தநாளத்தின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய். கணையத்தின் தலை, சிறுகுடலின் தொடக்கம், பித்தப்பை எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும் விப்பிள் அறுவை சிகிச்சை. பிறகு 6 மாதம் கேப்சிடபைன் மாத்திரை. அது முடிந்த அன்று டாக்டர் கைகுலுக்கி, "எல்லாம் முடிஞ்சுது, நார்மலா இருங்க" என்றார். நான் சாஃப்ட்வேர் ஆள். ஒரு பேமெண்ட் பக்கத்தை வெளியிடுவதற்கே, ராத்திரி ரெண்டு மணிக்கு அது விழுந்தால் யாரைக் கூப்பிடணும், முதலில் எதைப் பார்க்கணும் என்று எழுதிவைக்காமல் எங்களை விடமாட்டார்கள். ஒரு மனுஷனின் பித்தக்குழாயை அறுத்துக் குடலோடு தைத்து அனுப்பும்போது அந்த ஒரு தாள்கூடக் கிடையாது.

அப்பா 11 கிலோ இறங்கினார். ரிவ்யூவில் சொன்னோம். "ஆபரேஷன் ஆன உடம்பு, அப்படித்தான்" என்றார்கள். நோய் திரும்பிவிட்டது என்று அம்மா மாரியம்மனுக்குக் காசு முடிந்துவைத்தாள். திரும்பவில்லை. கணையத்தின் ஒரு பகுதி போனபின் கொழுப்பைச் செரிக்கும் நொதி போதவில்லை. மலம் எண்ணெயாக மிதந்திருக்கிறது, கூச்சத்தில் அப்பா சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. நொதி மாத்திரை சீட்டில் இருக்கத்தான் செய்தது. மற்ற மாத்திரைகளைப் போல சாப்பிட்டு அரைமணி கழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். சாப்பாட்டோடு சேர்ந்து போனால்தான் அதற்கு வேலை.

அப்புறம் அந்த ராத்திரி. ரெண்டு கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடும் அளவுக்கு நடுக்கம், காய்ச்சல். மழைக்காலம், டெங்குவாக இருக்கும் என்று ஊர் டாக்டர் பாராசிட்டமால் கொடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவரிடம் காட்ட எங்களிடம்தான் ஒன்றுமில்லை. ரெண்டு நாள் போனது. கண் மஞ்சளானபின் தூக்கிக்கொண்டு ஓடினோம். தைத்த இடம் சுருங்கினால் பித்தம் தேங்கும், குடலின் கிருமி மேலேறி ரத்தத்தில் கலக்கும். நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி என்று சொல்லப் பத்து வினாடி ஆகுமா? 6 நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். அந்த வாரம் சி.ஏ. 19-9 எகிறியதைப் பார்த்து வீடே அழுதது. பித்தம் அடைத்தாலே அந்த அளவு ஏறும், சிலர் உடம்பில் பிறவியிலேயே அது சுரக்காது என்பதெல்லாம் பின்னால் நானாகப் படித்தது.

ஓ.பி.யில் அத்தனை கூட்டம், எப்படி உட்கார்ந்து விளக்குவது என்பார்கள். டாக்டரை யார் கேட்டது? தமிழில் ஒரு தாள், போன் எடுக்க ஒரு நர்ஸ். பி.பி.க்கும் சுகருக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகும் திட்டத்தை 2021-இல் தொடங்கிய மாநிலம் இது. இன்னொரு வாதம் கொஞ்சம் குரூரமானது: இந்த நோய் திரும்பினால் பெரிதாக என்ன செய்ய முடியும், ஸ்கேன் எடுத்து என்ன பயன்? முதல் ரெண்டு வருஷம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு 5 வருஷம் வரை இடைவெளி விட்டு என்ற கணக்கு நிபுணர்கள் கூடி ஒப்புக்கொண்டதுதான். அடிக்கடி ஸ்கேன் எடுத்தால் ஆயுள் கூடும் என்று உறுதியான ஆதாரமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்பாவைச் சாவின் விளிம்புவரை கொண்டுபோனது திரும்பி வந்த புற்றுநோய் இல்லையே.

இவ்வளவு பேசுகிற நான் செய்ததையும் சொல்லணும். அப்பாவிடம் "கட்டி" என்றுதான் சொல்லியிருந்தோம். மனசு உடைஞ்சிடுவார் என்று சித்தப்பா சொன்னார், எனக்கும் அது வசதியாக இருந்தது. தனக்கு என்ன நோய் என்றே தெரியாதவர் மலம் மிதக்கிறதை எதற்காகச் சொல்லப்போகிறார்?

ஐ.சி.யூ.விலிருந்து வந்த வாரம் சொன்னேன். மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கொஞ்சநேரம் விட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏன் தம்பி, லைனை இழுத்து விட்டுட்டு ரோந்தே போகாம இருந்தா எப்படி?" என்றார். பழைய டைரி ஒன்றை எடுத்து எடை, காய்ச்சல், மலம், ஸ்கேன் தேதி என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார்.

நேற்று போன் பண்ணினார். ஸ்கேனுக்கு மருந்து ஏத்துறதுக்கு முன்னாடி கிரியாட்டினின் பார்க்கணுமே, லேபுக்குச் சொல்லியாச்சா என்று கேட்டார். நான் மறந்துபோயிருந்தேன்.